கல்லில் பெயர் இருந்தால் கல்லறை உங்களுடையதா?

நேற்று அதிகாலை 5 மணிக்குக் கைபேசி அலறியது. ராயபுரத்தில் ஒரு வீட்டில் ஃப்ரீசர் பெட்டிக்குள் உடல் இருக்கிறது, மாலை 4 மணிக்கு அடக்கம், குடும்பக் கல்லறையைத் திறக்க உடனே ஆள் அனுப்புங்கள் என்றார்கள். ரசீது இருக்கிறதா என்று கேட்டதுதான் என் குற்றம். "கல்லிலேயே எங்கள் கொள்ளுத்தாத்தா பெயர் இருக்கிறதே சார், அதற்கு மேல் என்ன ரசீது?" என்று பாய்ந்தார் இறந்தவரின் மகன்.

வடசென்னையில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய ஒரு கல்லறைத் தோட்டத்தின் பதிவேடுகளை 12 ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். இந்த ஒரு பேச்சைக் கேட்டால் மட்டும் எனக்கு உச்சந்தலை வரை கொதித்துவிடுகிறது. கல்லை யார் வேண்டுமானாலும் நடலாம், மேலே குளியலறை ஓடும் பதிக்கலாம் (பதித்திருக்கிறார்கள்). உங்கள் முன்னோர் பணம் கட்டி வாங்கியது நிலத்தை அன்று. அதற்குப் பட்டாவும் கிடையாது, அதை விற்கவும் முடியாது. அந்த இடத்தில் அடக்கம் செய்துகொள்ளும் உரிமையை மட்டுமே வாங்கினார்கள், அது இன்றைக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பேரேடுதான் சொல்லும்.

அந்தப் பேரேட்டில் ஒரு பெயரைத் தேடிப் பாருங்கள், அப்போது தெரியும். வெள்ளைக்காரர் வழக்கப்படி குடும்பப் பெயர் வரிசையில் எழுத வேண்டும் என்று ஏற்பாடு; நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஆகவே சவரிமுத்து மகன் அந்தோணியை ஒரு எழுத்தர் தகப்பன் பெயரிலும், அடுத்து வந்தவர் சொந்தப் பெயரிலும், அதற்கும் அடுத்தவர் 'பிள்ளை' என்ற பட்டத்தின் கீழும் ஏற்றியிருக்கிறார்கள். ஆரோக்கியம் என்ற பெயருக்கு ஆங்கில எழுத்தில் நான்கு வடிவங்கள். முகவரியைப் பார்த்துக் குடும்பத்தைக் கண்டுபிடிக்கலாம் என்றால் அது 'பிளாக் டவுன்' என்று நிற்கும். அந்தப் பேட்டை ஜார்ஜ் டவுன் ஆகி, ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு கதவு எண்களும் வந்த பிறகு யாரைப் போய்க் கேட்பது? போதாக்குறைக்கு, பழைய மை அரித்துத் தாளில் எழுத்து இருந்த இடமெல்லாம் ஓட்டை; 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் அலமாரியின் அடித்தட்டையும் நனைத்துவிட்டுப் போனது.

இதற்கெல்லாம் நான் செத்துப்போன எழுத்தர்களைத் திட்டவில்லை. உயிரோடிருப்பவர்கள்மேல்தான் என் கோபம். மூன்று தலைமுறையாக ஒருவரும் வந்து பெயர் மாற்றம் செய்வதில்லை. உடல் வீட்டில் கிடக்கும்போது மட்டும் எல்லோருக்கும் பாத்தியதை நினைவுக்கு வருகிறது. வாரிசு யார் என்று பார்க்க நாங்கள் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தைப் பின்பற்றுகிறோம். அதன்படி கிறிஸ்தவக் குடும்பத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. இதைச் சொன்னால், கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு இங்கே என்ன வேலை என்று என்னிடமே சட்டம் பேசுகிறார்கள்.

நேற்றும் அதுதான் நடந்தது. நண்பகல் வரை மூன்று பேரேடுகளைப் புரட்டியதில், 1898-இல் வாங்கிய அந்த இடம் 1951-இல் மூத்த மகள் பெயருக்கு மாற்றப்பட்டிருப்பது தெரிந்தது. அந்த அம்மாளின் ஒரே மகன் கொருக்குப்பேட்டையில் இருக்கிறார், ரசீதும் அவர் வீட்டுத் தகரப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. இவர்களோ அவரோடு 20 ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாததால் சாவைக்கூடச் சொல்லியனுப்பவில்லை. நான்தான் தொலைபேசியில் அழைத்தேன். மூன்றரை மணிக்கு வந்தார், ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார், ஒரு பிடி மண் போட்டுவிட்டுப் போய்விட்டார். அதற்குள், பணம் பிடுங்குவதற்காக நான் இழுத்தடிக்கிறேன் என்று வாசலில் ஒருவர் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று, வாசலிலேயே மேசை போட்டுப் பேரேடுகளோடு உட்கார்ந்திருந்தேன். குடும்ப விவரத்தைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள், கட்டணம் இல்லை என்று அட்டையில் எழுதியும் வைத்திருந்தேன். மாலையும் மெழுகுவத்தியும் சுண்ணாம்பு வாளியுமாகக் காலையிலிருந்து கூட்டம் என்னைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது. மேசையருகே நின்றவர்கள் மொத்தம் மூன்று பேர். அவர்களில் இருவர் தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள்.