'ஒண்ணுமில்ல' என்று அனுப்பாதீர்கள்

'ரிப்போர்ட் எல்லாம் நார்மல், அப்படியென்றால் வலி மனசில்தான்' என்று, மனசால் வரும் உடல் வலி பற்றி நான் படித்த கட்டுரை முடிச்சுப் போடுவது சரியில்லை. ஸ்கேனில் தெரியாவிட்டாலும் வலி நிஜம். 2013-ல் வந்த டி.எஸ்.எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் மனநோய் வகைப்பாடு) கூட, உடல் அறிகுறியை மனநலப் பிரச்சினை என்று சொல்ல 'காரணம் தெரியாத வலி'யாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டது. அறிகுறியைப் பற்றிய பயமும், அதிலேயே போகும் நேரமும்தான் இப்போது அளவுகோல்.

நம்ம தர்மபுரி பக்கம் இன்னொரு சிக்கல், நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளோரைடு; அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். பென்னாகரம், பாலக்கோடு போர் தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தவருக்கு இடுப்பு விறைப்பும் மூட்டுவலியும் என்றால் டென்ஷன் என்று தள்ளாதீர்கள். பல்லில் பழுப்புக் கறை இருக்கிறதா பாருங்கள், தண்ணீரைச் சோதியுங்கள் (ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மி.கி. தாண்டக்கூடாது). ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12 சோதனை ஒருமுறை போதும். மாதாமாதம் ஸ்கேன் எடுத்தால் பயம்தான் வளரும்.

படபடப்பு, மூச்சு முட்டல் முதல்முறை வந்தால் ஈசிஜி கட்டாயம். பேனிக் (திடீர் பீதித் தாக்குதல்) என்று உறுதியானபின், 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுங்கள், ஐந்து நிமிடம். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு இறங்கும். குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவதால் இதற்குப் பயனில்லை, அடுத்த தடவையும் பாட்டில் கேட்கும் பழக்கம்தான் மிச்சம்.

வலிப்பு போல் வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காமல் செல்போனில் வீடியோ எடுங்கள். கண் இறுக மூடியிருந்ததா, திறந்திருந்ததா என்பது, இது மூளை வலிப்பா, மன அழுத்தத்தால் வருவதா என்று பிரிக்க நரம்பு டாக்டருக்குப் பெரிய துப்பு.

மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய 2 முதல் 4 வாரமாகும். அதற்குள் நிறுத்திவிட்டு, மெடிக்கலில் அல்பிரசோலம் (பதற்றத்தைத் தணிக்கும், பழக்கமாகிவிடக்கூடிய மாத்திரை) வாங்கிப் போடுவதுதான் அதிகம் கெடுக்கிறது. பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.