நாலு மணிக்கு வந்து சொல்கிறேன்

ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலைக்கான இன்டர்வியூ முடிந்து இன்றோடு 18 நாள். "ஒரு வாரத்தில் சொல்கிறோம்" என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். முதல் வாரம் போன் கையை விட்டு இறங்கவே இல்லை. குளிக்கப் போனால்கூட அம்மாவிடம் கொடுத்துவிட்டு, "தெரியாத நம்பரா இருந்தாலும் எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவேன். இரண்டாவது வாரம் வந்த தெரியாத நம்பர்கள் எல்லாம் கடன் வேண்டுமா, காப்பீடு வேண்டுமா என்று கேட்டன. இப்போது மூன்றாவது வாரம். மனதில் இருப்பது வருத்தமா கோபமா என்று பார்த்தால் இரண்டும் இருக்கிறது. ஆனால் என்னை உட்காரவைத்து இதை எழுத வைப்பது கோபம்தான்.

ஏன் கோபம் என்று சொல்ல, படிக்கும்போது நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் ஆண்டு வார்டு போஸ்டிங்கில் ஒரு வயதானவர் இருந்தார். ஸ்கேன் எடுத்துவிட்டு ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மணியை அழுத்துவார். தண்ணீர் வேண்டும், போர்வை நழுவிவிட்டது, ஜன்னலைச் சாத்த வேண்டும் என்று ஏதாவது ஒன்று. ஒவ்வொரு முறையும் நான் கிளம்பும்போது கடைசியாக அதையே கேட்பார்: "ரிப்போர்ட் வந்துருச்சா சிஸ்டர்?" நானும் ஒவ்வொரு முறையும் "வந்ததும் சொல்றேன் ஐயா" என்று சொல்லிவிட்டு ஓடுவேன்.

வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "வந்ததும் சொல்றேன்னா அவருக்கு என்ன தெரியும்? அஞ்சு நிமிஷமா, ரெண்டு நாளா? நாலு மணிக்கு வந்து சொல்றேன்னு சொல்லு. ரிப்போர்ட் வரலைன்னாலும் நாலு மணிக்குப் போய் நில்லு. இன்னும் வரலை, ஆறு மணிக்குத் திரும்ப வரேன்னு சொல்லிட்டு வா."

அப்படியே செய்தேன். நாலு மணி வரை மணி அடிக்கவில்லை. நாலு மணிக்குப் போய் நின்றேன், ரிப்போர்ட் வரவில்லை என்றுதான் சொன்னேன். அவர் முகத்தில் ஏமாற்றத்தை எதிர்பார்த்தேன். "சரிம்மா, நீ போய் மத்தவங்களைப் பாரு" என்றார். அவருக்கு ரிப்போர்ட்டைவிடப் பெரிதாகத் தேவைப்பட்டது, தன்னை யாரும் மறக்கவில்லை என்பதுதான். அன்று அதைத் தெரிந்துகொண்டேன்.

வரிசையில் நிற்பவர்களின் மனநிலை பற்றி டேவிட் மெய்ஸ்டர் என்பவர் 1985இல் எழுதியதைப் பிற்பாடு படித்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும். காரணம் சொல்லப்படாத தாமதம், சொல்லப்பட்ட தாமதத்தைவிட நீளமாகத் தோன்றும் என்கிறார். எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் அதைப் படித்திருப்பாரா என்று தெரியாது. படுக்கைகளுக்கு நடுவே நடந்தே அதைக் கண்டுபிடித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

இப்படிச் சொல்லிக்கொடுத்த அதே தொழில், வேலை கேட்டு வந்தவளிடம் "சொல்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் பதினெட்டு நாள் மௌனமாக இருக்கிறது. எனக்குத் தாங்காதது அதுதான். வேறு ஏதாவது கம்பெனி இப்படிச் செய்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

காத்திருக்கும்போது மனம் சும்மா இருப்பதில்லை. இன்டர்வியூ நடந்த அந்த இருபத்தைந்து நிமிடத்தை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. ஒரு கேள்வி மட்டும் தினமும் இரவில் வருகிறது. "உங்களிடம் நாலு நோயாளிகள். ஒருவர் வலி தாங்கவில்லை என்று கத்துகிறார். ஒருவருக்கு டிரிப் முடியப் போகிறது. ஒருவருடைய மகன் டாக்டர் ஏன் வரவில்லை என்று சண்டை போடுகிறார். நாலாவது ஆள் காலையில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர், இப்போது சத்தமில்லாமல் படுத்திருக்கிறார். யாரிடம் முதலில் போவீர்கள்?"

நாலாவது ஆளிடம் என்றேன். அது சரி. கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது. திடீரென்று அமைதியானவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கூப்பிட்டுப் பார்ப்பேன், மூச்சை எண்ணுவேன், நாடி, பிபி, ஆக்சிஜன் அளவு பார்ப்பேன், உடனே சீனியரைக் கூப்பிடுவேன் என்று வரிசையாகச் சொன்னேன். சர்க்கரை பார்ப்பேன் என்று சொல்லவில்லை. நினைவு மங்கினால் குளுக்கோமீட்டரை எடு என்பது எங்கள் தலைக்குள் ஆணி அடித்தது மாதிரி ஏற்றிய பாடம். ரத்தத்தில் சர்க்கரை குறைந்து ஒருவர் மயங்கிக் கிடந்தால், ஒரு விரல்நுனிச் சொட்டு ரத்தத்தில் சில நொடிகளில் தெரிந்துவிடும்; பார்க்காமல் விட்டால் மூளைக்குச் சேதம் வரை போகும். எனக்குத் தெரியும். வார்டில் அந்த நிலைமை வந்திருந்தால் கை தானாகப் போயிருக்கும். அந்த அறையில் வாய்க்கு வரவில்லை.

வேலை கிடைக்காமல் போவது அதனாலா? யாராவது "ஆமாம், அதனால்தான்" என்று சொன்னால்கூட நிம்மதியாக இருக்கும். அடுத்த இன்டர்வியூவில் முதல் வார்த்தையே சர்க்கரையாக இருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார்கள். "ஒரு ஷிஃப்டில் ஒரு நர்சுக்கு எத்தனை நோயாளிகள் வருவார்கள்? புதிதாகச் சேர்பவர் தனியாக வார்டு பார்க்கும் முன் எத்தனை வாரம் சீனியர் கூடவே இருப்பார்?" என்று கேட்டேன். மூன்று பேரில் ஒருவர் குனிந்து காகிதத்தைப் பார்த்தார். இன்னொருவர் "அது வார்டைப் பொறுத்தது" என்றார். அவ்வளவுதான். வெளியே வந்ததும் கூடப் படித்த தோழி, "அதையெல்லாம் சேர்ந்த பிறகு கேட்கக் கூடாதா?" என்று கடிந்துகொண்டாள்.

இதில் மட்டும் நான் மாறப்போவதில்லை. லிண்டா எய்க்கனும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மருத்துவமனைகளில் செய்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. ஒரு நர்சின் கையில் ஒரு நோயாளி கூடும்போது, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று அதில் கண்டார்கள். அதே நாட்டில் கலிஃபோர்னியா மாநிலம் 2004 முதல் ஒரு நர்சுக்கு இத்தனை நோயாளிகள்தான் என்று சட்டப்படி வரம்பு வைத்திருக்கிறது. எத்தனை பேர் என்று கேட்பது நோயாளியின் உயிரைப் பற்றிக் கேட்பது. அதைக் கேட்டதற்காக ஒரு மருத்துவமனை என்னை வேண்டாம் என்று ஒதுக்கினால், அங்கே எட்டாவது படுக்கையில் இருப்பவரிடம் போக எனக்கு நேரம் இருந்திருக்காது என்று எடுத்துக்கொள்கிறேன். இதை எழுதும்போதும் பயமாகத்தான் இருக்கிறது. வேலை எனக்கு வேண்டும்.

உறவினர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "நர்சுக்கா வேலை கிடைக்காது? உலகம் முழுக்க ஆள் பற்றாக்குறை ஆச்சே." உண்மைதான். உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கையின்படி 2023இல் உலகில் 2.98 கோடி செவிலியர்கள் இருந்தார்கள், இன்னும் 58 லட்சம் பேர் தேவைப்பட்டார்கள். ஆனால் தேவை வேறு, சம்பளத்தோடு கூடிய இடம் வேறு. நோயாளிகள் நிரம்பி வழியும் வார்டிலும், அந்த இடத்துக்குப் பணம் ஒதுக்கி யாராவது கையெழுத்துப் போட்டால்தான் ஆள் எடுப்பார்கள். புது ஆள் என்றால் கூடவே நின்று கற்றுக்கொடுக்க ஒரு சீனியர் வேண்டும். அந்த சீனியர்களே குறைவு. ஆக, பற்றாக்குறை அதிகமாக இருக்கும் இடத்தில்தான் புதியவரைச் சேர்க்கத் தயங்குகிறார்கள். இந்த முடிச்சை நான் படிக்கும் காலத்தில் யாரும் சொல்லித்தரவில்லை.

தெரிந்த ஓர் அக்கா பல வருடமாக இன்சார்ஜாக இருப்பவர், தேர்வுக் குழுவிலும் உட்கார்ந்தவர். அவரிடம் கேட்டேன், உள்ளே அப்படி என்னதான் நடக்கும் என்று. இன்டர்வியூ மதிப்பெண் போட்டதோடு வேலை முடிவதில்லை என்றார். பதிவுச் சான்றிதழ் செல்லுபடியாகிறதா என்று சரிபார்க்க வேண்டும். படித்த இடத்தில் விசாரிக்க வேண்டும். நிதிப் பிரிவு ஒப்புதல் தர வேண்டும். பல இடங்களில் புதியவர்களை ஒரே தொகுப்பாகச் சேர்த்துப் பயிற்சி கொடுப்பதால், தொகுப்பு நிறையும்வரை முதலில் தேர்வானவரும் காத்திருக்க வேண்டும். அப்புறம் அவர் சொன்ன ஒன்று எனக்குப் புதிது: முதல் இடத்தில் வந்தவர் "வருகிறேன்" என்று உறுதி சொல்லும்வரை அடுத்த இடத்தில் இருப்பவர்களிடம் இல்லை என்றும் சொல்ல மாட்டார்கள், ஆம் என்றும் சொல்ல மாட்டார்கள்.

காரணங்கள் எல்லாம் நியாயமாகவே தெரிகின்றன. இவற்றில் எதையுமே என்னிடம் சொல்ல முடியாது என்பது மட்டும் நியாயமாகத் தெரியவில்லை. "நிதி ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறோம், இன்னும் இரண்டு வாரம் ஆகும்" என்று ஒரு குறுஞ்செய்தி. "உங்களைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கிறோம்" என்று ஒரு வரி. முப்பது பேருக்கு அனுப்பினால்கூட அரை மணி நேர வேலை.

இந்த நாட்களை எப்படி ஓட்டுகிறேன் என்று கூடப் படித்தவர்கள் கேட்கிறார்கள். நல்லதையே நினை என்று பலரும் சொல்கிறார்கள். கேட் ஸ்வீனி என்ற உளவியல் ஆய்வாளர், வழக்கறிஞர் தகுதித் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காக நான்கு மாதம் காத்திருந்தவர்களை ஆராய்ந்தார். நம்பிக்கையோடு இருக்கப் பார்ப்பது, கெட்டதற்கு மனதைத் தயார்செய்வது என்று அவர்கள் செய்து பார்த்த வழிகள் பெரும்பாலும் கவலையைக் குறைக்கவில்லை. இதைப் படித்ததும் எனக்கு அழுகை வந்தது. தைரியம் இல்லாததால் மட்டும் நான் தவிக்கவில்லை, காத்திருப்பு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று புரிந்தது.

அதே ஆய்வாளரின் பிற்கால ஆய்வுகளில் ஒன்று உதவுவதாகத் தெரிந்தது: தன்னை மறந்து மூழ்கிப்போகும் வேலை. எனக்கு அது கணக்கு. கை மறந்துவிடுமோ என்ற பயம் புது நர்சுக்கு எப்போதும் உண்டு. அதனால் தினமும் காலையில் நோட்டில் டிரிப் கணக்குப் போடுகிறேன். 1000 மில்லி, எட்டு மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட். இருபதாயிரம் சொட்டை 480 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 42. பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பதினைந்து நொடியில் பத்துச் சொட்டு என்று மேசையில் தட்டிப் பார்ப்பேன். தம்பி கையில் நரம்பு தேடிக் கட்டுப் போட்டு அவிழ்ப்பேன். அவனும் பொறுத்துக்கொள்கிறான். அந்த ஒரு மணி நேரம் போன் ஞாபகம் வருவதில்லை. வேறு இரண்டு இடங்களுக்கும் விண்ணப்பம் போட்டுவிட்டேன். ஒரே கதவின் முன்னால் நின்றுகொண்டிருப்பது எனக்கு ஒத்துவரவில்லை.

என்னைப் போலக் காத்திருப்பவர்களுக்கு ஒன்று. அழைத்துக் கேளுங்கள். அவர்கள் சொன்ன நாள் தாண்டி ஒரு வாரமும் போய்விட்டால், கேட்பது தொந்தரவு ஆகாது. பெயர், இன்டர்வியூ தேதி, எந்த வார்டுக்கான இடம், இவ்வளவு சொல்லி "முடிவு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எப்போது தெரியவரும்?" என்று கேட்டால் போதும். கெஞ்ச வேண்டாம், மன்னிப்புக் கேட்க வேண்டாம். இதை எழுதும் நானே இதுவரை அழைக்கவில்லை. கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்ற பயம்தான். ஆனால் நள்ளிரவில் டாக்டரை எழுப்பி "நோயாளியின் பிபி இறங்குகிறது" என்று சொல்லத் தயங்கக்கூடாது என்றுதானே எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். வேலைக்குச் சேரும் முன்பே கேட்கப் பயப்படக் கற்றுக்கொண்டால், சேர்ந்த பிறகு அந்தப் பயம் எங்கே போகும்?

தேர்வுக் குழுவில் உட்காரும் சீனியர்களே, இந்தப் பதிவு உங்கள் கண்ணில் பட்டால் ஒரு வேண்டுகோள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதங்களில் புது நர்சுகளுக்கு வரும் அதிர்ச்சியைப் பற்றி மார்லின் கிரேமர் 1974இலேயே எழுதிவிட்டார். படித்தது ஒன்று, வார்டில் நடப்பது வேறொன்று என்று தெரியும்போது வரும் அதிர்ச்சி அது. எனக்கு அது வார்டு வாசலுக்கு வரும் முன்பே வந்துவிட்டது. இல்லை என்று சொல்வதாக இருந்தால் இல்லை என்றே சொல்லிவிடுங்கள். கெட்ட செய்தியை எப்படிச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நீங்கள்தான்: உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, சுற்றி வளைக்காமல். எனக்கு உட்கார்ந்து சொல்ல வேண்டாம். ஒரு வரி போதும்.

நாளை காலை பத்தரை மணிக்கு அழைக்கப் போகிறேன். ரவுண்ட்ஸ் முடிந்து அலுவலகத்தில் யாராவது இருக்கும் நேரம். என்ன சொன்னார்கள் என்று மாலை நாலு மணிக்கு இங்கே வந்து சொல்கிறேன். அவர்கள் ஒன்றும் சொல்லாவிட்டாலும் நாலு மணிக்கு வந்து அதைச் சொல்கிறேன்.