தீவுக்கு விசா வேண்டாம், சரி. போகிற வழிக்கு?

"இந்தியப் பாஸ்போர்ட் இருந்தாலே போதும், பார்படாஸுக்கு விசா தேவையில்லை!" நீலக் கடல், வெள்ளை மணல், கீழே ஒரு போன் நம்பர். இந்த வீடியோ கண்ணில் படாத நாளே இல்லை. 2024 ஜூன் 29 அன்று பார்படாஸ் தலைநகர் பிரிட்ஜ்டவுனின் கென்சிங்டன் ஓவல் மைதானத்தில் இந்தியா டி20 உலகக் கோப்பையைத் தூக்கியதிலிருந்து அந்த ஊர்ப் பெயர் வீட்டுக்கு வீடு தெரியும். அதை வைத்து வியாபாரம் செய்கிறார்கள். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. அதில் இருப்பது பொய்யாக இருந்தால் பொய் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். பாதி உண்மை அது. அந்தப் பாதியை நம்பித்தான் ஆறு மாதச் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள்.

பார்படாஸ், டிரினிடாட், ஜமைக்கா, டொமினிக்கா, கிரெனடா என்று நம் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா கேட்காத கரீபியன் தீவுகள் இருப்பது நிஜம். பார்படாஸிலும் டிரினிடாடிலும் 90 நாள் வரை தங்கலாம், ஜமைக்காவில் 30 நாள். அங்கே போய் இறங்கிவிட்டால் பிரச்சினை பெரிதாக இல்லை. இறங்குவதுதான் பிரச்சினை. சென்னையிலிருந்தோ மும்பையிலிருந்தோ அந்தத் தீவுகளுக்கு நேர் விமானம் கிடையாது. நடுவில் பெரும்பாலும் அமெரிக்கா, இங்கிலாந்து, ஐரோப்பா, கனடா என்று எங்கேயாவது இறங்கி ஏற வேண்டும். அந்த நடு ஊர்தான் விசா கேட்கிறது. போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது இன்னொரு தடவை. இதை அந்த வீடியோவில் ஒரு வரி சொன்னால் என்ன குறைந்துபோகும்?

கடைசியில் இது வெடிக்கும் இடம் மீனம்பாக்கத்தில் செக்-இன் கவுண்டர். விடியற்காலை நேரம், டிராலியில் நான்கு பெட்டி, பக்கத்தில் தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகள். கவுண்டரில் இருப்பவர் பாஸ்போர்ட்டைப் புரட்டுகிறார், திரையில் டைமாடிக் திறக்கிறார். உலகம் முழுக்க விமான நிறுவனங்கள் நுழைவு விதிகளைப் பார்க்கிற தகவல் தொகுப்பு அது. எந்த நாட்டுப் பாஸ்போர்ட், எங்கே மாறுகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று போட்டால் பதில் வரும். பிறகு ஒரே கேள்வி: "டிரான்சிட் விசா எங்கே சார்?" "பார்படாஸுக்கு விசாவே வேண்டாமே மேடம்" என்று ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜைக் காட்டினால் அவர் என்ன செய்ய முடியும்? உரிய ஆவணம் இல்லாத பயணியைக் கொண்டுபோய் இறக்கினால் இங்கிலாந்து மட்டுமே தலைக்கு 2,000 பவுண்டு அபராதம் போடும், ரூபாயில் 2 லட்சத்தைத் தாண்டும். ஏற்றமாட்டார். அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. டிக்கெட் விற்ற ஆள் அந்த நேரத்தில் போனை எடுக்கமாட்டான். எடுத்தாலும் "டாக்குமென்ட் பயணியின் பொறுப்பு" என்று பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துக் காட்டுவான்.

முதலில் அமெரிக்கா. மயாமி, நியூயார்க் வழியாக டிக்கெட் மலிவாகக் காட்டும், அதுதான் கண்ணி. மற்ற நாடுகளில் இருப்பது போல வெளியே வராமல் அடுத்த விமானத்துக்குப் போகிற டிரான்சிட் பகுதி அமெரிக்க விமான நிலையங்களில் கிடையாது. இரண்டு மணி நேரம்தான் நிற்கிறீர்கள் என்றாலும் குடிநுழைவு வரிசையில் நின்று, பெட்டியை எடுத்து, மறுபடி போட வேண்டும். அதற்கு சி-1 என்ற டிரான்சிட் விசா வேண்டும். டிஎஸ்-160 படிவம், கைரேகை, நேர்காணல் எல்லாம் உண்டு. கட்டணம் 185 டாலர், மறுத்தால் திரும்ப வராது. நான்கு பேர் குடும்பத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சி-1 வாங்கச் சொல்லும் ஏஜென்டுகளைக் கண்டால் இன்னும் ஆத்திரம் வருகிறது. சுற்றுலா விசாவான பி1/பி2-க்கும் அதே 185 டாலர்தான், அதே படிவம், அதே நேர்காணல். இந்தியர்களுக்குக் கிடைத்தால் பெரும்பாலும் பத்து வருடத்துக்குக் கிடைக்கிறது, அதை வைத்தே டிரான்சிட்டும் போகலாம். ஒரே விலையில் இரண்டு இருக்கும்போது டிரான்சிட்டுக்கு மட்டும் உதவுகிறதைத் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

அமெரிக்க விசா கையில் இருந்தால் வேறு கதவுகளும் திறக்கும். டொமினிக்கன் குடியரசு நமக்கு விசா கேட்கும் நாடு. ஆனால் செல்லுபடியாகும் அமெரிக்க, கனடா, பிரிட்டன் அல்லது ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான) விசா இருந்தால் தனி விசா வேண்டியதில்லை. இந்த டொமினிக்கன் குடியரசு வேறு, மேலே சொன்ன டொமினிக்கா வேறு. பெயரைக் குழப்பி டிக்கெட் போடுகிற ஆட்களும் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

அடுத்தது லண்டன். அதிகம் பேர் கவிழ்வது இங்கேதான். இங்கிலாந்தில் டிரான்சிட் விசா இரண்டு வகை. குடிநுழைவைத் தாண்டாமல் விமான நிலையத்துக்குள்ளேயே மாறுவதற்கு ஒன்று, தாண்டி வெளியே வந்து 48 மணி நேரத்துக்குள் கிளம்புவதற்கு இன்னொன்று. இரண்டுக்கும் ஆன்லைன் விண்ணப்பம், கைரேகை உண்டு. உள்ளேயே மாறுகிறவரிடம் செல்லுபடியாகும் அமெரிக்க, கனடா, ஆஸ்திரேலிய அல்லது நியூசிலாந்து விசா இருந்தால் முதல் வகை தேவைப்படாது. இந்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு "அமெரிக்க விசா இருக்கா? லண்டன் ஃப்ரீ!" என்று டிக்கெட் போட்டுத் தள்ளுகிறார்கள்.

எங்கே இடிக்கிறது என்றால், சென்னை விமானம் இறங்குவது ஹீத்ரோவில். செயின்ட் லூசியா, ஆன்டிகுவா, கிங்ஸ்டன் என்று எத்தனையோ கரீபியன் விமானங்கள் கிளம்புவது கேட்விக்கில். இரண்டும் லண்டன் என்றுதான் டிக்கெட்டில் இருக்கும், நடுவே பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல். குடிநுழைவைத் தாண்டாமல் அங்கே போக வழியே கிடையாது. உள்ளுக்குள் மாறுகிற சலுகை அங்கே செத்துப்போகும். அமெரிக்க விசாவை வைத்து வெளியே வர வேண்டுமென்றால் உங்கள் பயணம் அமெரிக்காவுக்குப் போவதாகவோ அங்கிருந்து திரும்புவதாகவோ இருக்க வேண்டும். சென்னையிலிருந்து செயின்ட் லூசியா போகிறவருக்கு அது எப்படிப் பொருந்தும்? இரண்டாம் வகை விசா வாங்கியே ஆக வேண்டும். டிக்கெட்டில் எல்எச்ஆர் (ஹீத்ரோ) என்று இறங்கி எல்ஜிடபிள்யூ (கேட்விக்) என்று ஏறினால் அந்த இடத்திலேயே நிறுத்தி விசாரியுங்கள். மூன்று எழுத்து, அதைப் பார்க்கக்கூட ஏஜென்டுக்கு நேரமில்லையாம்!

இதைவிடக் கொடுமை தனித்தனி டிக்கெட். இரண்டு பகுதியையும் பிரித்துப் போட்டால் ஏழெட்டாயிரம் குறைகிறது என்று பிரித்துவிடுவார்கள். முதல் நிறுவனம் பெட்டியைக் கடைசி ஊர் வரை ஒட்டாது. பெட்டியை எடுக்க வெளியே வர வேண்டும். வெளியே வந்தால் விசா. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் அந்தக் காசும் போச்சு. கரீபியன் பயணத்துக்கு ஒரே டிக்கெட், ஒரே பிஎன்ஆர். இதில் சமாதானமே கிடையாது.

ஐரோப்பா வழி கொஞ்சம் மூச்சு விட வைக்கும், பாதி தெரிந்து போனால் அதுவும் மாட்டிவிடும். ஷெங்கன் நாடுகள் எல்லாமே விமான நிலைய டிரான்சிட் விசா கேட்கிற பொதுப் பட்டியலில் இந்தியா இல்லை. (இலங்கை இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ இலங்கைப் பாஸ்போர்ட்டோடு கிளம்புகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.) ஆனால் சில நாடுகள் தங்கள் அளவில் இந்தியாவைச் சேர்த்துக்கொள்கின்றன, எடுக்கின்றன, மறுபடி சேர்க்கின்றன. போன வருடம் போனவர் சொன்னதை நம்பக்கூடாது; டிக்கெட் போடும் நாளில் அந்த நாட்டுத் தூதரகத் தளத்தில் பார்க்க வேண்டும். இன்னொன்று, ஒரே ஒரு ஷெங்கன் விமான நிலையத்தில்தான் மாற வேண்டும். ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி, ஆம்ஸ்டர்டாம் போய், அங்கிருந்து தீவு என்று டிக்கெட் இருந்தால் ஃபிராங்க்ஃபர்ட் - ஆம்ஸ்டர்டாம் பயணம் ஷெங்கனுக்குள் உள்ளூர்ப் பயணம். அதற்கு டிரான்சிட் விசா போதாது, முழு ஷெங்கன் விசா வேண்டும், பெரியவருக்கு 90 யூரோ.

எந்த விசாவும் இல்லாமல் போயே தீர வேண்டும் என்றால் இஸ்தான்புல், பனாமா வழி ஒன்றைச் சொல்வார்கள். டெல்லி அல்லது மும்பை போய், இஸ்தான்புல்லில் வெளியே வராமல் மாறி, பனாமாவின் டோக்குமென் நிலையத்திலிருந்து ஜமைக்காவுக்கோ டிரினிடாடுக்கோ போகலாம். எல்லாம் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். உடம்பு அலுத்துப்போகும், காசும் கூட. ஆனால் இந்த வழியைச் சொல்கிறவர்கள் மஞ்சள் காய்ச்சலைப் பற்றி வாயே திறப்பதில்லை.

பனாமாவும் டிரினிடாடும் மஞ்சள் காய்ச்சல் அபாயப் பட்டியலில் இருக்கின்றன. பனாமாவில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் அடுத்த தீவில் தடுப்பூசி அட்டை கேட்கலாம். அதைவிடப் பெரிய அடி திரும்பி வரும்போது, நம் ஊரில்தான். டிரினிடாடை விட்டுக் கிளம்பி 6 நாளுக்குள் அட்டை இல்லாமல் இந்தியாவில் இறங்கினால், வீட்டு வாசலை மிதிப்பதற்கு முன்னால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். டிரினிடாடிலிருந்து வர ஒன்றரை நாள்தான் ஆகும் என்பதால் தப்பவே முடியாது. விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் மாறியவருக்கு விலக்கு உண்டு, அதுவும் சுகாதார அதிகாரி ஒத்துக்கொண்டால்தான்.

ஊசி போட்ட அன்றே கிளம்பிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். போட்ட 10-ஆம் நாளிலிருந்துதான் அட்டை செல்லும். அதற்குப் பிறகு ஆயுளுக்கும் போதும். தெருமுனை கிளினிக்கில் போட்டால் செல்லாது. அனுமதி பெற்ற மையத்தில்தான் போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அப்படி ஒன்று. மருந்து பல பேருக்கான குப்பியில் வருகிறது, கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். அதனால் குறிப்பிட்ட நாளில், ஆள் சேர்த்துத்தான் போடுவார்கள். அசல் பாஸ்போர்ட்டோடு போக வேண்டும். 60 வயது தாண்டியவர்கள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். பேக்கேஜ் விற்பவர் இதையெல்லாம் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது இல்லை.

குவாதலூப், மார்த்தினிக் விஷயம் இன்னும் மனதை அறுக்கிறது. 1853-இல் மார்த்தினிக்குக்கும் 1854-இல் குவாதலூப்புக்கும் 'ஒரேலி' என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து போன தமிழர்கள் அங்கே ஏராளம். குவாதலூப்பின் கப்பெஸ்டேர் ஊரில் சாங்கி கோயில் கோபுரத்தோடு நிற்கிறது. மாரியம்மன் இன்றும் அங்கே 'மாலியேமின்'. பார்த்துவிட்டு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களிடம் "அது பிரான்ஸ்தான், ஷெங்கன் விசா போதும்" என்று சொல்லி அனுப்புவது பாவம். அந்தத் தீவுகள் பிரான்சின் பகுதி, ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. ஒரு தடவை நுழைய மட்டும் தந்த சாதாரண ஷெங்கன் விசா அங்கே செல்லாது. விண்ணப்பிக்கும்போதே அந்தத் தீவைச் சேருமிடமாகக் காட்ட வேண்டும், கைக்கு வந்த விசாவில் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்ற வரியைப் படிக்க வேண்டும். தீவு விமானங்கள் பல பாரிஸ் ஓர்லியிலிருந்து. இந்திய விமானம் இறங்குவது சார்ல் த கோல். நடுவே ஷெங்கனுக்குள் நுழைந்தாக வேண்டும், திரும்பும்போது மறுபடி நுழைய வேண்டும். அதனால் பலமுறை நுழையும் விசாவும் வேண்டும்.

தீவில் இறங்கும்போது கேட்பவை எளிது: திரும்பும் டிக்கெட், தங்குமிட முன்பதிவு, கையில் செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று, ஆறு மாதம் மிச்சமுள்ள பாஸ்போர்ட். டொமினிக்கன் குடியரசுக்குள் நுழைய நிரப்ப வேண்டிய இ-டிக்கெட் படிவம் இலவசம். அரசுத் தளம் மாதிரியே வேஷம் போட்டுக் காசு பிடுங்கும் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும், அதில் வங்கி அட்டை எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஏஜென்டிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள். போக, வர எந்தெந்த விமான நிலையத்தில், எத்தனை மணி நேரம் மாறுகிறோம். எல்லாம் ஒரே பிஎன்ஆரா, பெட்டி கடைசி வரை போகுமா. ஒவ்வொரு மாறுமிடத்துக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு என்ன விசா, என்ன ஊசி. எழுதித் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். எழுதித் தந்தாலும் அதே பிஎன்ஆரைச் சொல்லி விமான நிறுவனத்திடம் நீங்களே ஒரு தடவை கேளுங்கள், டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால்.