"வித்தால்தானே நட்டம்" என்று இனி என்னிடம் சொல்லாதீர்கள்

100 ரூபாய்க்கு வாங்கிய பங்கு 40 ரூபாயில் நிற்கிறது. யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்: "வித்தால்தானே மச்சான் நட்டம். பேசாமல் வைச்சிரு." வெள்ளவத்தை நண்பனும் இதைத்தான் சொல்கிறான், கொழும்புக் கோட்டையில் இருக்கிற பங்குத் தரகரும் இதைத்தான் சொல்கிறார். கேட்டுக் கேட்டு வெறுத்துவிட்டது.

நாளைக்கு வீட்டில் ஒருவருக்கு ஒப்பரேஷன் என்றால் எனக்கு 100 ரூபாயா தருவார்கள்? 40தான், அதிலும் தரகுக் கட்டணம் கழியும். போன காசு போனதுதான். 60 சதவீதம் விழுந்த பங்கு பழைய விலைக்கு வர 150 சதவீதம் ஏற வேண்டும். சரி, ஏறியே விட்டது என்று வைப்போம். நான் வாங்கியது 2022 ஜனவரியில், கொழும்புப் பங்குச் சந்தையின் சுட்டெண் 13,000ஐத் தாண்டி எல்லாரும் துள்ளிக்கொண்டிருந்த நேரம். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 சதவீதம். அன்றைய 100 ரூபாய்க்கு வாங்கிய சாமானை இன்றைய 100 ரூபாய்க்கு எந்தக் கடையில் தருகிறார்கள்? பழைய விலைக்கு வந்தாலும் நட்டம்தான் ஐயா!

இதில் கம்பனியைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மென்பொருள் செய்யும் சின்னக் கம்பனி அது. 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரை போனபோது, புதிதாக ஒரு வாடிக்கையாளர் வராமலே இவர்களின் ரூபாய் வருமானம் ஊதியது. அதையே வளர்ச்சி என்று எங்களுக்குக் காட்டினார்கள். 2024 முடிவில் டொலர் 300க்குக் கீழே வந்ததும் அந்த வளர்ச்சியைக் காணவில்லை. ஆனால் சம்பளச் செலவு இறங்கவில்லை. நல்ல பொறியியலாளர்கள் அவுஸ்திரேலியா, கனடா என்று போய்விட்டார்கள், மிஞ்சியவர்களைப் பிடித்து வைக்கக் கூட்டிய சம்பளத்தைத் திரும்பக் குறைக்க முடியுமா? போதாததற்கு, அதுவரை வரிவிலக்கு இருந்த சேவை ஏற்றுமதி வருமானத்துக்கு 2025 ஏப்ரலில் இருந்து 15 சதவீத வரி.

காலாண்டு அறிக்கையைத் திறந்தால் மேலே இலாபம். கீழே போனால் வாடிக்கையாளர்களிடம் இருந்து வரவேண்டிய காசு ஒவ்வொரு முறையும் வீங்கியிருக்கிறது, கையில் வந்த காசோ மைனஸில். டொலரில் எவ்வளவு உழைத்தோம் என்று தனியாக ஒரு வரி போட்டால் கை முறிந்துவிடுமா? தலைவரின் உரையில் மட்டும் செயற்கை நுண்ணறிவுக்குக் குறைவில்லை.

2025இல் சுட்டெண் 20,000ஐயும் கடந்தது. வங்கிப் பங்கு வைத்திருந்தவன் சிரிக்கிறான். எனக்கு அப்போதும் அதே புத்திமதி: "இன்னும் கொஞ்சம் வாங்கு, அவரேஜ் குறையும்." என் கணக்கில் வாங்கிய சராசரி விலை குறைந்தால் கம்பனிக்கு வரவேண்டிய காசு வந்துவிடுமா? இன்னொரு கொடுமை, விற்பதும் லேசில்லை. பங்குச் சந்தை ஆப்பைத் திறந்தால் வாங்கும் பக்கத்தில் 300, 500 பங்கு மட்டும் கேட்டு யாரோ நிற்கிறார்கள். என்னிடம் உள்ளதை ஒரேயடியாகப் போட்டால் நானே விலையைக் கீழே தள்ளிவிடுவேன்.

எல்லாரிடமும் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். இன்றைக்கு உங்கள் கையில் 40 ரூபாய் இருந்தால், அதைக் கொடுத்து இதே பங்கை வாங்குவீர்களா? ஒருவர்கூட ஆம் என்று சொல்லவில்லை. அப்புறம் எந்த வாயால் என்னை வைத்திருக்கச் சொல்கிறீர்கள்?

அடுத்த காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் அறிக்கை வந்தாக வேண்டும். வரவேண்டிய காசு குறைந்து, கையில் காசு வந்திருந்தால் வைத்திருப்பேன். இல்லையென்றால் துண்டு துண்டாகப் போட்டு, கிடைக்கிற விலைக்குக் கொடுத்து முடிப்பேன். அன்றைக்கு "கொஞ்சம் பொறு" என்று யாரும் எனக்குக் கோல் எடுக்க வேண்டாம்.