பன்னிரண்டு மில்லிசெகண்ட் தூரத்தில் ஒரு கிராமம்

நேற்று ராத்திரி பன்னிரண்டரைக்கு ஹெட்செட்டைக் கழற்றி வைத்தேன். வீட்டுக்காரி அரைத்தூக்கத்தில் கேட்டாள்: "இப்படித் திட்டிக்கிட்டே எதுக்கு விளையாடணும்? பேசாம படுத்துத் தூங்கலாம்ல?" நியாயமான கேள்விதான். அந்த நேரத்தில் பதில் சொன்னால் சண்டையில் முடியும் என்பதால் இங்கே எழுதுகிறேன். அவள் முகநூல் பக்கம் வருவதில்லை என்பது ஒரு வசதி.

நான் விளையாடுவது கவுன்டர் ஸ்ட்ரைக். தெரியாதவர்களுக்கு: இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். ஒரு அணி குண்டு வைக்க வேண்டும், மற்ற அணி தடுக்க வேண்டும். செத்தால் அந்தச் சுற்று முடியும்வரை மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். 1999இல் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள் ஹாஃப்-லைஃப் என்ற விளையாட்டின் மேல் ஒட்டு வேலையாகச் செய்தது. அடுத்த ஆண்டு வால்வ் நிறுவனம் அதைத் தன் பெயரில் வெளியிட்டது. நான் 2004இல் தூத்துக்குடியில் ஒரு பிரவுசிங் சென்டரில், கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு ஆட ஆரம்பித்தேன். இப்போது எனக்கு நாற்பத்தொன்று. இடையில் கப்பல் சரக்கு வேலைக்கென்று தென்னாப்பிரிக்காவில் டர்பன் வந்து, கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள் பிறந்து, தலைமுடி பாதி போய்விட்டது. டஸ்ட் 2 மட்டும் அப்படியே இருக்கிறது.

டஸ்ட் 2 இந்த ஆட்டத்தின் களங்களில் ஒன்று. டேவ் ஜான்ஸ்டன் என்பவர் 2001இல் செய்தது. மணல் நிறச் சுவர்கள், நடுவில் ஒரு இரட்டைக் கதவு, கதவிடுக்கில் விரல் அகல வெளிச்சம். சுற்று தொடங்கிய சில நொடிகளில் அந்த வெளிச்சத்தை ஒருவன் கடந்து ஓடுவான். அவனைச் சுட வேண்டும். 2004இல் தவறவிட்டேன். நேற்றும் தவறவிட்டேன். படங்கள் மெருகேறியிருக்கின்றன, பெயர் நான்கு முறை மாறியிருக்கிறது, ஆனால் அந்த இடுக்கு அங்கேயேதான் இருக்கிறது. எங்கள் தெருவில்கூட அப்படி எதுவும் மிச்சமில்லை.

இந்த ஆட்டத்தின் பலம் என்று நான் நினைப்பது அதுதான்: கை கற்றுக்கொண்டது வீணாவதில்லை. ஏகே-47இன் முப்பது தோட்டாவும் ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட ஒரே வழியில்தான் போகும். முதலில் நேராக மேலே ஏறும், பிறகு பக்கவாட்டில் ஆடும். மவுஸை அதற்கு எதிராக இழுத்துப் பழக வேண்டும். மார்கழியில் அம்மா என்னோடு பேசிக்கொண்டே பெரிய புள்ளிக் கோலத்தை இழுத்து முடிப்பாள். எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். என் வலது கை அந்த முப்பது தோட்டாவை அப்படித்தான் வைத்திருக்கிறது.

அப்புறம் காசு. ஒவ்வொரு சுற்றிலும் துப்பாக்கியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஏகே 2700. தூரத்திலிருந்து ஒரே குண்டில் ஆளைச் சாய்க்கும் ஏடபிள்யூபி 4750. தோற்ற அணிக்கு 1400 கிடைக்கும். தொடர்ந்து தோற்றால் அது ஏறி 3400 வரை போகும். அதனால் சில சுற்றுகளில் ஒன்றும் வாங்காமல் பிஸ்டலோடு நின்று தோற்று, அடுத்த சுற்றுக்குச் சேர்த்து வைப்பதே புத்திசாலித்தனம். நான்கு பேர் அப்படி நிற்பார்கள். ஐந்தாவது ஆள் கையிலிருந்ததையெல்லாம் போட்டு ஒரு துப்பாக்கி வாங்கி, தனியாக ஓடி, அதை எதிரிக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டுச் சாவான். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சித்தப்பாவைத் தெரியும்.

சரி, திட்டுவது எதற்கு? அதற்கு நான் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும்.

டர்பனிலிருந்து ஐரோப்பிய சர்வருக்கு என் வீட்டு ஃபைபரில் பிங் 170 மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்கியதில்லை. நான் பொத்தானை அமுக்கி, அது போய்ச் சேர்ந்து பதில் வருவதற்குள் நொடியில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். அதற்குள் இந்த ஆட்டத்தில் செத்து விழுந்துவிடலாம். ஜோஹானஸ்பர்க் சர்வருக்கு 12. ஆகவே இந்தத் தெற்கு மூலையில் இருக்கிற எல்லாரும் அங்கேதான். நான் இங்கே வந்த 2008இல் நிலைமை இன்னும் வேடிக்கை. மாதத்துக்கு 3 ஜிபி, அது தீர்ந்தால் கதவு சாத்தப்படும். அதனால் 'லோக்கல் ஒன்லி' என்று விலை குறைந்த கணக்கு ஒன்று விற்றார்கள். உள்நாட்டு சர்வர்களை மட்டும் எட்டுகிற இன்டர்நெட்! ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள். நாங்கள் அதில்தான் ஆடினோம்.

உலகம் முழுக்க ஒரே நேரத்தில் பத்து லட்சம் பேருக்கு மேல் ஆடும் விளையாட்டு இது. ஜோஹானஸ்பர்க் சர்வருக்கு வந்தால் கிராமம். பிரிட்டோரியா, கேப் டவுன், ஹராரே, சில ராத்திரிகளில் பிரெஞ்சும் கிரியோலும் கலந்து கத்துகிற மொரீஷியஸ் பையன்கள். ஆறு மாதம் தொடர்ந்து ஆடினால் திண்ணையில் இருக்கிற முகமெல்லாம் பழகிவிடும். யார் எந்த மூலையில் ஒளிவான், யார் இரண்டு சுற்று தோற்றதும் கத்த ஆரம்பிப்பான், யாருடைய மைக்கில் எப்போதும் நாய் குரைக்கும், எல்லாம் தெரியும்.

கிராமத்தின் கஷ்டமும் இதே இடத்திலிருந்துதான் வருகிறது. ஆள் குறைவு. ஒன்பது மணிக்கு இரண்டு நிமிடத்தில் ஆட்டம் கிடைக்கும். பதினொன்றுக்கு மேல் கால் மணி நேரம் காத்திருந்தாலும் கிடைக்காது. கிடைத்தாலும் சம பலம் என்ற பேச்சுக்கே இடமில்லை. என் ரேட்டிங் ஒன்பதாயிரம் சொச்சம். எதிரே இருபதாயிரக்காரன் ஒருவன் வந்து நிற்பான். அவனுக்கும் வேறு ஆள் கிடைத்திருக்காது, பாவம், எங்களைக் கொன்று பொழுதைப் போக்குகிறான். ஏமாற்றுகிறவன் வந்துவிட்டால் இன்னும் மோசம். சுவருக்குப் பின்னால் இருப்பது தெரிகிற புரோகிராமை வைத்துக்கொண்டு ஆடுகிறான் என்று ஊருக்கே தெரியும். பெரிய ஊரில் அவனை மறுபடி பார்க்கவே மாட்டோம். இங்கே அடுத்த ஆட்டத்தில் அவனே நம் அணிக்கு வருவான். அவன் தயவில் ஜெயித்துவிட்டு என்ன முகத்தோடு எழுந்து போவது? ஒருமுறை அப்படி ஜெயித்தேன். ரிப்போர்ட் பொத்தானையும் அமுக்கினேன், ரேட்டிங்கையும் வாங்கிக்கொண்டேன்.

கரண்ட் கதை தனி. 2023இல் இங்கே லோட்ஷெட்டிங், அதாவது முறைவைத்து மின்வெட்டு, உச்சம். ஸ்டேஜ் 6 என்றால் ஒரு நாளில் பத்து மணி நேரம்கூட இருட்டு. ஆட்டத்தின் சட்டமோ வேறு: நடுவில் போய்விட்டுக் குறித்த நேரத்துக்குள் திரும்பாவிட்டால் முதல் முறை அரை மணி தடை, பிறகு இரண்டு மணி, அப்புறம் ஒரு நாள், கடைசியில் ஏழு நாள். கரண்ட் போனதா, கோபத்தில் போனானா என்று அது எப்படிக் கண்டுபிடிக்கும்? ஒரு குளிர்காலத்தில் எனக்கு ஏழு நாள் விழுந்தது. கடைசியில் ரூட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் யூபிஎஸ் வாங்கினேன். மிக்சிக்கு ஏன் வாங்கவில்லை என்ற கேள்வி எங்கள் வீட்டில் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

2024 மே 12, ஞாயிற்றுக்கிழமை, இந்தக் கரைக்கு அப்பால் ஈஸி, சீகாம் என்ற இரண்டு கடலடிக் கேபிள்கள் அறுந்தன. அன்று அன்னையர் தினம். தூத்துக்குடியிலிருந்து அம்மாவின் முகம் திரையில் உறைந்து உறைந்து வந்தது, பாதிப் பேச்சு கேட்கவில்லை. போனை வைத்துவிட்டுச் சும்மா ஆட்டத்தைத் திறந்து பார்த்தேன். 12 மில்லிசெகண்ட். அம்மா எட்டவில்லை, என்னை எப்போதும் கெட்ட வார்த்தையில் கூப்பிடுகிற பிரிட்டோரியாக்காரன் பக்கத்து அறையில் இருப்பதுபோல் தெளிவாகக் கேட்டான்.

புதிய பதிப்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 2023 செப்டம்பர் 27 அன்று பழையதை எடுத்துவிட்டு அதே இடத்தில் கவுன்டர் ஸ்ட்ரைக் 2 வந்தது. புகை இப்போது நிஜப் புகை போல வழிவிடுகிறது. குண்டு போனால் ஓட்டை விழுகிறது. பிடித்திருக்கிறது. பதினாறு சுற்று ஜெயிக்க வேண்டும் என்பது பதின்மூன்றாகக் குறைந்ததும், காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு விட வேண்டிய எனக்கு நல்லதுதான். ஆனால் துப்பாக்கியை இடது கையில் வைத்துக்கொள்ளும் வசதிகூட ஏழு மாதம் கழித்துத்தான் திரும்பி வந்தது. அப்புறம் அந்த சப்-டிக். சர்வர் நொடிக்கு 64 முறை நிலவரம் பார்க்கிறது. அந்த இடைவெளிக்குள் எந்தக் கணத்தில் சுட்டாய் என்பதையும் இப்போது குறித்துக்கொள்கிறது என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் மட்டும் சுவருக்குப் பின்னால் முழுசாக ஒதுங்கிய பிறகும் செத்து விழுகிறேன். அது சப்-டிக்கா, நாற்பத்தொரு வயதா என்று மதுரைக்கார நண்பனிடம் கேட்டால் பதில் சொல்லாமல் சிரிக்கிறான்.

ஸ்கின், அதாவது துப்பாக்கிக்கும் கத்திக்கும் பூசுகிற அலங்காரம், அந்த வியாபாரத்தில் எனக்கு மரியாதை இல்லை. 2013இல் ஆரம்பித்தது. பெட்டியைத் திறக்க ஒரு சாவி இரண்டரை டாலர். உள்ளே கத்தி வருவதற்கான வாய்ப்பு, சீனாவில் சட்டப்படி வெளியிட்ட கணக்கில், 0.26 சதவீதம். கிட்டத்தட்ட நானூறு பெட்டிக்கு ஒரு கத்தி. இரண்டு சாவிக் காசுக்கு இங்கே ஒரு குவார்ட்டர் மட்டன் 'பன்னி சௌ' கிடைக்கும். பாதி தோண்டிய ரொட்டிக்குள் கறிக் குழம்பு, உருளைக்கிழங்கு, மேலே கேரட் சம்பல். நான் இருபத்திரண்டு சாவி வாங்கியிருக்கிறேன். பதினோரு பன்னி. வந்ததெல்லாம் பச்சை பெயின்ட் அடித்த பிஸ்டல். அதை முதலீடு என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர்களும் உண்டு. 2025 அக்டோபரில் ஒரு அப்டேட்: ஐந்து சிவப்பு (அரிய வகை) ஸ்கின்னைக் கொடுத்துக் கத்தி வாங்கிக்கொள்ளலாம் என்று. கத்தி விலை ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. எங்கள் ஆபீஸில் ஒருவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மைக்கில் வரும் வசவுகளை எழுத முடியாது. ஆங்கிலம், ஆஃப்ரிகான்ஸ், ஸுலு மூன்றிலும் என் அம்மாவை விசாரித்திருக்கிறார்கள். டர்பன் இந்தியன் என்று பேச்சிலேயே தெரிந்துவிட்டால் கறி, சாம்பிராணி என்று ஆரம்பிப்பார்கள். மியூட் பொத்தான் இல்லையென்றால் நான் எப்போதோ விட்டிருப்பேன். ஆனால் 2022 ஏப்ரல் வெள்ளத்தில், நானூறு பேருக்கு மேல் செத்த அந்த வாரம், எங்களுக்குக் கரண்டும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆறாம் நாள் இந்த ஆட்டம் ஓடுகிற ஸ்டீம் தளத்தைத் திறந்தால் பதினேழு செய்திகள். முதல் செய்தி அதே பிரிட்டோரியாக்காரனுடையது. உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டு, கூடவே வழக்கமான கெட்ட வார்த்தை.

கடைசியாக ஒன்று. மதுரைக்காரனும் நானும் ஆட்டத்தில் தமிழில்தான் கத்திக்கொள்வோம். "லாங்ல ரெண்டு பேரு", "பின்னாடி பாருடா" என்று. ஒருநாள் மூன்றாவதாக ஒரு சின்னப் பையன் குரல்: "அண்ணா?" டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸில் இருக்கிறான், 1860இல் தொடங்கி கரும்புத் தோட்ட வேலைக்கென்று இந்தியாவிலிருந்து கப்பல்களில் வந்தவர்களின் வழி. அவனுக்குத் தெரிந்த தமிழ் அண்ணா, ஆயா, தாத்தா, காவடி, அப்புறம் சாப்பாட்டுப் பெயர்கள். நாங்கள் கத்துவதைச் சொல்லித் தரச் சொன்னான். மேலே, கீழே, வா, முன்னாடி, பின்னாடி. ஒரு வாரத்தில் ஐந்தும் பிடித்துக்கொண்டான், ஒரே குறை, முன்னாடியையும் பின்னாடியையும் மாற்றிச் சொல்லுவான். அவனை நம்பித் திரும்பி நான் செத்த சுற்றுகளுக்குக் கணக்கில்லை.

நேற்றும் அதேதான். பதினொன்றுக்குப் பன்னிரண்டு, கடைசிச் சுற்று, குண்டு வைத்தாகிவிட்டது. வெடிக்க நாற்பது நொடி. கிட் என்கிற கருவி இல்லாமல் அவிழ்க்கப் பத்து நொடி, கிட் இருந்தால் ஐந்து. நானூறு காசு மிச்சம் பிடிக்கப்போய் நான் கிட் வாங்கவில்லை. ஒன்பதாவது நொடியில் அந்தப் பையன் அலறினான்: "பின்னாடி! பின்னாடி!" திரும்பினேன். யாரும் இல்லை. எதிரி முன்னாடியிருந்து சுட்டான். அந்த அமைதியில் பையனின் மைக்கில் கதவு திறக்கும் சத்தம், ஒரு கிழக்குரல், சுத்தத் தமிழில்: "யாருடா பின்னாடி? நடுராத்திரியில எதுக்குடா கத்துற?"

அவனுடைய ஆயா. வீட்டில் அவரோடு தமிழ் பேச யாரும் இல்லையாம். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "வணக்கம் ஆயா" என்றோம். எந்த ஊர், என்ன ஆட்கள், சாப்பிட்டாச்சா என்று பத்து நிமிடம் விசாரித்தார். பிரிட்டோரியாக்காரன் ஒன்றும் புரியாமல் மைக்கை அணைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தான். வீட்டுக்காரி எழுந்தது அதற்குப் பிறகுதான்.

இப்போது நான்கு பேர் இருக்கிறோம். டர்பன் பக்கம் யாராவது ஐந்தாவது ஆள் இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள். ராத்திரி ஒன்பது மணி, மைக் கட்டாயம், சித்தப்பாக்கள் வேண்டாம். ஏடபிள்யூபி எனக்குத்தான்.