தெருவில் நடந்தவருக்கு எதற்கு ஆஸ்கர்?

ஞாயிற்றுக்கிழமை திரையிடலில் நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. வந்தவர்களுக்குத் தெரியும்; வராதவர்களுக்கு இதற்குள் வாட்ஸ்அப்பில் காணொளி போய்ச் சேர்ந்திருக்கும். "ஒருவர் ஒன்றரை மணி நேரம் தெருவில் நடக்கிறார். இதில் நடிப்பு எங்கே?" என்று நண்பர் கேட்டார். அரங்கம் சிரித்தது, கைதட்டியது. படத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான். பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

நடக்கிறார்தான். 1952-இல் வந்த 'ஹை நூன்' என்ற கௌபாய் படத்தில், ஊரின் காவல் அதிகாரியாக வரும் கேரி கூப்பருக்குப் பெரும்பாலும் அதுதான் வேலை. அவரைத் தீர்த்துக்கட்ட நண்பகல் ரயிலில் ஒருவன் வருகிறான். மதுக்கடை, தேவாலயம், நண்பர் வீடு என்று ஒவ்வொரு வாசலிலும் துணை கேட்கிறார். நீதிபதி முதல் ஆளாகக் கொடியையும் தராசையும் மூட்டைகட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். ஒரு நண்பர் உள்ளே இருந்துகொண்டே, தான் வீட்டில் இல்லை என்று மனைவியைச் சொல்லவைக்கிறார். அந்த அம்மாள் பொய் சொல்கிறாள் என்று புரிந்ததும் கூப்பர் முகத்தில் கோபம்கூட வருவதில்லை. அவளுக்காக இவர் கூசுகிறார். பயந்தவன் ஓடாமல் நிற்பானா என்ற கேள்வியை வசனகர்த்தாவிடம் விடாமல் தன் தோளிலும் நடையிலும் சுமக்கிறார். அது நடிப்புதான். ஆஸ்கர் கொடுத்தவர்களுக்குப் பொழுது போகாமல் கொடுக்கவில்லை.

என் அப்பா கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தராக இருந்தார். பொய்க் கணக்கில் கையெழுத்துப் போட மறுத்தார். விசாரணைக்குத் துணையாக வருவதாகச் சொன்னவர்களில் ஒருவருக்கு அன்று காலை மனைவிக்குக் காய்ச்சல், இன்னொருவருக்குத் தூரத்து உறவில் துக்கம். அப்பா தனியாகப் போய்விட்டு வந்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அவ்வளவுதான். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதிருந்தால் உங்கள் அரங்கம் கைதட்டியிருக்கும்.

"அப்படியானால் சிவாஜி நடித்தது நடிப்பில்லையா?" என்று வருவீர்கள், தெரியும். நான் எங்கே சொன்னேன்? 'முதல் மரியாதை'யில் அவர் பேசாமல் இருந்த இடங்களை நீங்களும்தானே கொண்டாடினீர்கள்? அமெரிக்காவில் கூப்பர் அதைச் செய்தால் மட்டும் கொட்டாவி வருகிறதா?

கௌபாய் படங்கள் பூர்வகுடிகளைச் சுட்டுத் தள்ளுவதற்கென்றே எடுக்கப்பட்டவை என்பார்கள். நிறையப் படங்கள் அப்படித்தான். நான் பேசுவது அவற்றைப் பற்றி இல்லை, விடுங்கள். 1992-இல் வந்த 'அன்ஃபர்கிவன்' பாருங்கள். ஜீன் ஹேக்மன் அதில் ஊரின் சட்டம். ஆட்களை உதைத்தே சிதைப்பவர். ஓய்வு நேரத்தில் தன் கையாலேயே வீடு கட்டுகிறார், கூரை ஒழுகுகிறது. சாகும்போது, வீடு கட்டிக்கொண்டிருந்த தனக்கு இந்தச் சாவு நியாயமா என்று உண்மையாகவே குழம்புகிறார். தான் நல்லவன் என்று நம்பும் கொடியவனை இவ்வளவு சாதாரணமாக நடித்துக் காட்ட எத்தனை பேரால் முடியும்? இதிலும் நடிப்பு இல்லை என்பீர்களா?

'ஹை நூன்' கதை வேறெங்கோ நடந்தது என்று நினைக்காதீர்கள். எழுதிய கார்ல் ஃபோர்மனை, படம் தயாரிப்பில் இருந்தபோதே, 1951-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கம்யூனிஸ்ட் வேட்டைக் குழு விசாரணைக்கு அழைத்தது. கதவை மூடியவர்கள் அவருடைய ஹாலிவுட் நண்பர்கள்தான். இங்கிலாந்துக்குப் போய்விட்டார். 1957-இல் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' திரைக்கதையில் அவருக்கும் பங்கு உண்டு, ஆனால் பெயர் இல்லை. ஆஸ்கர், மூல நாவலை எழுதிய பிரெஞ்சுக்காரருக்குப் போனது.

அந்தப் படத்திலும் நடைதான், ஐயா! தகரக் கூண்டு வெயிலில் வெந்து வெளியே வரும், ஜப்பானியரிடம் சிறைப்பட்ட பிரிட்டிஷ் கர்னலாக அலெக் கின்னஸ் நடந்துபோகும் சில அடிகள். போலியோவிலிருந்து தேறிக்கொண்டிருந்த தன் மகனின் நடையை மனதில் வைத்து அப்படி நடந்தார். கால் தள்ளாடுகிறது, முதுகு விறைத்து நிற்கிறது. பிடிவாதத்தால் தன்னைக் காத்துக்கொண்டவன், அதே பிடிவாதத்தால் எதிரிக்குப் பாலம் கட்டிக் கொடுக்கப் போகிறான் என்பது அந்த நடையிலேயே இருக்கிறது.

உடனே அடுத்த கணை வரும். ஏற்கெனவே ஒருவர் தனிச்செய்தியில் எய்துவிட்டார். "சயாம் மரண ரயிலில் செத்தவர்கள் நம் ஆட்கள். அந்தப் படத்தையா புகழ்கிறீர்கள்?" எனக்குத் தெரியாதா? இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. படத்தில் வரும் பாலம் அந்தப் பாதையில்தான். 1942, 1943-இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை ஜப்பானியர் கொண்டுபோனார்கள். இறந்த ஆசியத் தொழிலாளர்கள் 90,000 பேர் வரை என்று மதிப்பிடுகிறார்கள். போர்க்கைதிகளோ 12,000-க்குச் சற்று மேல். படத்தில் பாலம் கட்டுவது பிரிட்டிஷ் கைதிகள். ஒரு தமிழ்த் தொழிலாளியும் கண்ணில் படமாட்டார். இத்தனைக்கும் படம் பிடித்த இடம் இலங்கையின் கித்துல்கல.

எனக்கும் எரிகிறது. அதற்காகக் கின்னஸ் நடந்ததை நடக்கவில்லை என்று சொல்ல வேண்டுமா? நம் பிணங்களைக் காட்டவில்லை என்று படத்தை இயக்கிய டேவிட் லீனிடம் கேட்க முடியாது, அவர் 1991-இல் இறந்துவிட்டார். கோடிகளைக் கொட்டி வெளிநாட்டில் பாட்டு எடுக்கும் நம் தயாரிப்பாளர்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள். ஒலிவாங்கியை அவர்கள் பக்கம் நீட்டுங்கள்.