"வரும்போது என்ன லோடு?"

எங்கள் மாமா நாமக்கல்லில் முப்பது வருஷமாக லாரி ஓட்டுகிறவர். எந்தச் சரக்கு எந்த ஊருக்குப் போகிறது என்று நான் எவ்வளவு பெருமையாகச் சொன்னாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான். "சரி, வரும்போது என்ன லோடு?" போன வாரம் அவரிடம் அங்கோலா ரயிலைப் பற்றி அளந்துகொண்டிருந்தபோதும் இதையே கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. தேடிப் படித்ததில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், அங்கோலாவில், லொபிட்டோ என்று ஒரு துறைமுகம் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே காங்கோ எல்லையில் உள்ள லுவாவ் வரை 1,344 கிலோமீட்டர் ஓடுவது பென்குவேலா ரயில்பாதை. காங்கோவின் தெற்கே உள்ள கட்டங்கா சுரங்கப் பகுதியின் செம்பைக் கடலுக்குக் கொண்டுவரவே போட்டது. ராபர்ட் வில்லியம்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1902-இல், அப்போது அங்கோலாவை ஆண்ட போர்ச்சுகல் அரசிடம் 99 வருஷத்துக்கு உரிமை வாங்கினார். அடுத்த வருஷம் வேலை தொடங்கியது, பாதை எல்லையைத் தொட 1929 ஆகிவிட்டது. கடற்கரையை விட்டதும் உள்நாட்டுப் பீடபூமிக்கு மூச்சு வாங்க ஏற வேண்டிய பாதை. எஞ்சின்களுக்கு எரிக்க விறகு வேண்டுமே என்று கம்பெனி வழிநெடுக யூகலிப்டஸ் தோப்புகளை வளர்த்தது. தைல மரத்தை வெட்டிப் போட்டுச் செம்பு வண்டி இழுத்திருக்கிறார்கள்! இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு இந்தப் பாதையைப் பிடித்துப்போனது.

1975-இல் அங்கோலா சுதந்திரம் அடைந்தது. கையோடு உள்நாட்டுப் போரும் வந்தது. பாலங்கள் தகர்ந்தன, பாதையோரம் கண்ணிவெடி புதைத்தார்கள், எல்லை தாண்டிய சரக்கு நின்றது. கடைசியில் லொபிட்டோவுக்கும் பென்குவேலா நகருக்கும் இடையே முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டரில்தான் வண்டி ஓடியது. வேடிக்கை என்னவென்றால், அந்த 99 வருஷக் கெடு முடிந்தது 2001-இல். வாடகைக்கு விட்ட வீடு திரும்பக் கிடைக்கும்போது கதவு, ஜன்னல், கூரை எதுவும் இல்லை என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அங்கோலா அரசின் கைக்கு வந்தது அந்த ரயில். அடுத்த வருஷம் கிளர்ச்சிப் படைத் தலைவர் சவிம்பி கொல்லப்பட்டு, போரும் முடிந்தது.

2006-இல் சீனக் கம்பெனி ஒன்று வேலையில் இறங்கியது. தண்டவாளத்துக்கு முன்னால் தோண்ட வேண்டியிருந்தது கண்ணிவெடிகளை. அப்புறம்தான் ஜல்லி, சிலிப்பர், பாலம், ஸ்டேஷன் எல்லாம். ஏறத்தாழ 183 கோடி டாலர் செலவு. 2015 பிப்ரவரியில் அங்கோலா, காங்கோ, ஜாம்பியா மூன்று நாட்டு அதிபர்களும் லுவாவில் நின்று திறந்து வைத்தார்கள்.

திறந்தாயிற்று. சரக்கு எங்கே? பல வருஷத்துக்கு வரவே இல்லை. காங்கோவிலிருந்து தாது ஏற்றிய வண்டி லொபிட்டோவுக்கு வந்து சேரவே 2018 ஆனது. அதற்குப் பிறகும் சொட்டுச் சொட்டாகத்தான். "பார்த்தீர்களா, சீனாக்காரன் கடன் கொடுத்துக் கட்டின வெட்டிச் செலவு" என்று எழுதாத ஆள் இல்லை.

எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கோலாவுக்குள் பாதை புதுசு. எல்லையைத் தாண்டினால் காங்கோவின் பாதை. கொல்வேசி சுரங்கப் பகுதி வரை இன்னும் 400 கிலோமீட்டர் போக வேண்டும், அது பல காலம் பராமரிப்பே இல்லாமல் கிடந்தது. தெரு முனை வரை தார் ரோடு, வீட்டு வாசலில் முழங்கால் சேறு என்றால் எந்த வண்டிக்காரன் வருவான்? எஞ்சினும் வேகனும் வேண்டிய அளவு இல்லை. அதனால் சுரங்கக்காரர்கள் பழகிய வழியிலேயே போனார்கள். காங்கோ-ஜாம்பியா எல்லையிலுள்ள கசும்பலேசாவில் கிலோமீட்டர் கணக்கில் வரிசையில் நின்று, ஜாம்பியா வழியாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்கோ தான்சானியாவின் தார் எஸ் சலாமுக்கோ லாரி. டர்பன் சுமார் 3,000 கிலோமீட்டர், லொபிட்டோ 1,700 சொச்சம்தான். தூரம் குறைவு என்பதற்காகச் சரக்கு வந்துவிடாது. இன்றைக்கு ஏற்றினால் எந்தத் தேதியில் கப்பலில் ஏறும் என்று ஒருவர் பொறுப்பெடுத்துச் சொல்ல வேண்டும். சரக்கு அனுப்பும் வேலை பார்க்கிற யாரையும் கேட்டுப் பாருங்கள், இதைத்தான் சொல்வார்கள்.

2022-இல் அப்படிப் பொறுப்பெடுக்க ஆள் வந்தது. செம்பு வியாபாரம் செய்கிற டிராஃபிகுரா, போர்ச்சுகலின் மோட்டா எங்கில், பெல்ஜியத்தின் வெக்டூரிஸ் மூன்றும் சேர்ந்த கூட்டணி, சீனக் கூட்டணியோடு போட்டியிட்டு, சரக்கு ஓட்டும் உரிமையை 30 வருஷத்துக்கு வாங்கியது. இதில் டிராஃபிகுரா இருப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சரக்கு வாங்கி விற்கிறவனே ரயிலிலும் பங்குக்காரன் என்றால், வண்டி நின்றால் அவன் பணமும் சேர்ந்து நிற்கும். 2023 கடைசியில் கொல்வேசி பக்கமிருந்து சோதனையாக அனுப்பிய செம்பு எட்டே நாளில் லொபிட்டோ வந்தது. அங்கிருந்து டர்பனுக்கு லாரி போய்த் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

அதற்குள் அமெரிக்க அரசின் நிதி நிறுவனம் 55.3 கோடி டாலர் கடன் தர முன்வந்தது. 2024 டிசம்பரில் பைடனே லொபிட்டோவுக்கு வந்து போனார். உடனே "அமெரிக்கா சீனாவை அடித்துவிட்டது" என்று அடுத்த கோஷ்டி கிளம்பியது. அட, ஓடுகிற தண்டவாளமே சீனா போட்டது, ஏறுகிற செம்பில் பெரும்பங்கு சீனக் கம்பெனிகளுக்குப் பங்குள்ள சுரங்கங்களிலிருந்து வருவது. இதில் யார் யாரை அடித்தது?

மாமாவின் கேள்விக்கு வருகிறேன். திரும்பிப் போகும் வண்டிக்குக் கந்தகம் இருக்கிறது. செம்புத் தாதிலிருந்து உலோகத்தைப் பிரிக்க அமிலம் வேண்டும், அமிலத்துக்குக் கந்தகம் வேண்டும். அது கப்பலில் லொபிட்டோ வந்து இறங்கி, செம்பு இறக்கிய பிறகு உள்நாடு திரும்பும் ரயிலில் போகிறது. காலியாகத் திரும்புகிற வண்டியின் செலவையும் போகிற சரக்குதான் சுமக்க வேண்டும். அந்தப் பாரம் குறைந்தால் லாரியோடு மோத ரயிலுக்குத் தெம்பு வரும்.

ஒரு உறுத்தல் மட்டும் போகவில்லை. பாதை நடுவே ஹுவாம்போ, பியே பீடபூமி இருக்கிறது. மக்காச்சோளம் விளைகிற மண். பயணிகள் வண்டி இன்னும் அரசு ரயில்வேயிடம்தான் இருக்கிறது, சரக்கு மட்டும் கூட்டணியிடம். சுரங்கக்காரன் முழு ரேக், அதாவது ஒரு வண்டியின் எல்லா வேகனையும் பிடிப்பான். நாலு ஊர் விவசாயிகள் சேர்ந்து ஒரே ஒரு வேகன் கேட்டால் யார் கொடுப்பார்கள்? அந்தச் சோளத்துக்கும் வாரத்துக்கு நாலு வேகன் ஒதுக்கச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. முப்பது வருஷ உரிமை கொடுக்கும்போது இதைக் கேட்டு வாங்குவது பெரிய காரியமில்லை.

மாமாவிடம் கந்தகத்தைச் சொன்னேன். "அப்போ ஓடும்" என்றார். சோளத்தைச் சொன்னேன். "சில்லறை லோடா? வழியில நிறுத்தி நிறுத்தி ஏத்தணும், எவனும் பிடிக்க மாட்டான்" என்றார். அதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் தகராறு தீரவில்லை.